பத்துக் கால்விரல்கள்

மாண்ட்ரியல்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ரெனெல் எழுதுவது. இங்கே நான் நலம். ஊருக்குப் போன ஒருவர் கையில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்ததா? போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா மடியில் வைத்துவிடுகிறாய். அதற்கப்புறம் "சாப்பிட்டியா, கம்பளி போட்டியா" என்பதைத் தவிர எனக்கும் உனக்கும் பேச என்ன மிஞ்சுகிறது? அதனால்தான் உன் மருந்துக்கடைக் கணினிக்கு எழுதுகிறேன்.

ஒரு சேதி. இத்தனை வருடம் அடுத்தவர் செய்கிற வீடியோ விளையாட்டுகளுக்குச் சுவரும் மரமும் வரைந்துகொண்டிருந்த உன் தம்பியை, இந்த முறை கதையே எழுதச் சொல்லிவிட்டார்கள். உடனே டுமீல் டுமீல் என்று நினைத்துக்கொள்ளாதே. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், அது உண்டு. ஆனால் சுடுவது குறைவு. ஒரு மலையூரில் உயிர் தப்பிய சிலர் ஒளிந்திருக்கிறார்கள். வாசலில் இரண்டு பேர் வந்து தட்டுவார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் இடம். யாரை விடுவது? விளையாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தேய்ந்துகொண்டே வரும், அது தீர்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கதவை மூடியதாக அர்த்தம். முடிவானதும் எங்கோ ஒரு தேவாலய மணி அடிக்கும். மணி அடித்துவிட்டால் திரும்பிப் போய் மாற்ற முடியாது. அந்த மணி என் யோசனை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

எங்கள் மேலாளர் ஒரு பெண். நல்லவள்தான். "ஜாம்பியே உங்க ஊர்ச் சரக்குதானே ரெனெல், உங்களை விட்டா யார் எழுதுறது?" என்றாள். சிரித்து வைத்தேன். ஆனால் அக்கா, பதினேழு வயதில் ஊரை விட்டு வந்தவனுக்கு என்ன தெரியும்? அந்த உப்புச் சமாச்சாரம் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஒழுங்காக எழுதி அனுப்பு. இது சொதப்பினால் மறுபடி சுவரும் மரமும்தான்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
ரெனெல்


ஜாக்மெல்
அக்டோபர் 2

அன்புத் தம்பிக்கு,

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு மாத்திரை கொடுத்தனுப்புகிற புத்திசாலி உலகத்திலேயே நீ ஒருவன்தான். வந்து சேர்ந்தது. அம்மாவும் அதைத்தான் விழுங்குகிறாள். நான் கொண்டுவந்து தருவது வெறும் சுண்ணாம்பாம், மகன் அனுப்புவதுதான் மருந்தாம்.

உப்புக் கதை கேட்டாய். ஒருவனைச் செத்தவன்போல ஆக்கிப் புதைக்க வைத்து, அப்புறம் குழியிலிருந்து எடுத்து, புத்தியைப் பிடுங்கிக்கொண்டு, எவனோ ஒரு எஜமான் தன் வயலில் மாடுபோல வேலை வாங்குவான். அந்த ஆள்தான் ஜாம்பி. நம் ஊர் ஜாம்பி யாரையும் கடிக்காது. கடிப்பதற்கும் சொந்தமாக ஒரு விருப்பம் வேண்டாமா? நமக்கெல்லாம் பயம் அதைக் கண்டு இல்லை, நாமே அப்படி ஆகிவிடுவோமோ என்றுதான். அதற்கு உப்பில்லாமல்தான் சாப்பாடு போடுவார்கள். நாக்கில் உப்பு பட்டால், தான் செத்துப்போனவன் என்று அதற்குத் தெரிந்துவிடும். நேரே தன் குழியைத் தேடி நடந்துபோய்ப் படுத்துவிடும். போதுமா? உன் மேலாளர் அம்மாளிடம் சொல்.

இதை விளையாட்டாக எழுதுகிற நிலையில் நான் இல்லை ரெனெல். போனில் சொல்ல முடியாததால் இப்போது எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை சந்தையில், வாழைக்காய் விற்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வெயிலில் உட்கார்ந்திருந்தான். கிழிந்த சட்டை, வீங்கிய கால். புருவத்தின் மேல் ஒரு தழும்பு. அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"தியூஃபோர்! ஏன்டா இப்படி வெயில்ல கெடக்குற? எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு ஆசையாக யார் கூப்பிட்டாலும் யாரும் திரும்பத்தான் செய்வார்கள். எழுந்து நின்றான்.

"அம்மா, யாரும்மா இது?"

"உன் அண்ணனை உனக்கே தெரியலையா? கண்ணு அவிஞ்சு போச்சா?"

அண்ணனுக்கும் புருவத்தில் தழும்பு உண்டுதான், ஆனால் அவன் காய்ச்சலில் போய் எட்டு வருடம் ஆகிறது. நீதான் விசா கிடைக்காமல் வர முடியவில்லை, நான் என் கண்ணால் பார்த்தேன், சிமெண்டு பூசி மூடும்வரை நின்றேன். ஆனால் அம்மாவுக்கு அந்த மழை ஞாபகம். பிணத்தை யாரும் எடுத்துப் போகாமல் கல்லறைக்குக் காவல் இருக்க வேண்டிய நாட்களில் ஒரு ராத்திரி மழை கொட்டியதென்று எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டோம் அல்லவா? "அன்னிக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்கானுங்க" என்கிறாள். அவன் இப்போது நம் வீட்டில் இருக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மா உப்பு போடாமல் சமைக்கிறாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா,
யோலேத்


மாண்ட்ரியல்
அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. யாரென்றே தெரியாத ஒருவனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறீர்கள். அவன் திருடனாக இருந்தால்? திடீரென்று வெறி வந்தால்? உடனே ஆஸ்பத்திரியில் சேர். இரத்தப் பரிசோதனை செய்தால் உறவா இல்லையா என்று தெரிந்துவிடும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி உன் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொள்.

அவன் எப்படி நடக்கிறான்? கூப்பிட்டால் உடனே வருகிறானா? கண்ணைப் பார்த்துப் பேசினால் பார்க்கிறானா? ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? தப்பாக நினைக்காதே, கவலையில்தான் கேட்கிறேன்.

உன் தம்பி,
ரெனெல்


ஜாக்மெல்
அக்டோபர் 28

தம்பிக்கு,

போட்டோ கிடையாது. எப்படி நடக்கிறான் என்று கேட்டாயே, அது கவலைப்படுகிற தம்பி கேட்கிற கேள்வி இல்லை. எனக்கும் மோப்பம் பிடிக்கத் தெரியும்.

இரத்தப் பரிசோதனை தலைநகரத்தில்தான் செய்வார்களாம். அம்மாவிடம் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "என் பிள்ளையை நான் பெத்தேனா இல்லையான்னு ஊசி போட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அவனால் தொந்தரவு ஒன்றும் இல்லை. முற்றம் பெருக்குகிறான். சுட்ட சீமைப்பலாவைக் கொடுத்தால் பாதியைப் பிய்த்து அம்மாவுக்கு நீட்டுகிறான். கதவைச் சாத்தினால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்குகிறது, அதனால் வெளித்தாழ்வாரத்தில்தான் படுக்கிறான். எங்கே கிடந்து எவனிடம் அடிபட்டானோ.

பயம் அவனைப் பற்றி இல்லை. தெருதான் பயமாக இருக்கிறது. செத்தவனைத் தேடி எஜமான் வருவான், வந்தால் தெருவுக்கே ஆகாது என்று பேசிக்கொள்கிறார்கள். முடிதிருத்தும் ஃபான்ஃபான், நல்ல பையன்தான், அவனே கேட்கிறான்: "யோலேத் அக்கா, பேசாம ஒரு சிட்டிகை உப்பு வெச்சுப் பாத்துரலாமே?" ஒரு வாரத்துக்கு முன்பு யாரோ கருவாட்டுத் துண்டை வேலிக்கு மேல் அவன் பக்கம் வீசினார்கள். அம்மா ஓடிப்போய் அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அன்றிலிருந்து வீட்டு உப்பையெல்லாம் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். வாசலில் யார் தட்டினாலும் அவள் முகம் வெளுத்துப்போகிறது. எனக்கும்தான்.

ஒன்று சொல்கிறேன். உனக்கு மட்டும். முதல் நாளே அவன் கால் புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். பத்து விரலும் இருக்கின்றன. அண்ணனுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, சின்ன வயதில் கரும்பு வெட்டுகிற கத்தி பட்டுப் போயிற்று. தெருவுக்கே தெரிந்த விஷயம், அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வார்கள். அம்மா தினமும் சாயங்காலம் வெந்நீர் வைத்து அவன் காலைக் கழுவுகிறாள் ரெனெல். விரல் விரலாகத் துடைக்கிறாள். ஒருநாள் நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். துண்டை எடுத்து அவன் காலை மூடினாள். நானும் ஒன்றும் கேட்காமல் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரு மட்டும் பார்க்காமல் இருக்க அவனுக்கு எந்நேரமும் மூடிய செருப்பு போட்டுவைக்கிறாள். எவனோ ஊர்பேர் தெரியாதவன் என்று தெரிந்துவிட்டால் அவனை ஒரு நாள்கூட வைத்திருக்க விடமாட்டார்கள். அவனுக்குப் போக ஓர் இடம் இல்லை, அவளுக்கு மறுபடி ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கத் தெம்பு இல்லை.

இதை நீ எழுதக் கூடாது. உன் விளையாட்டில் இது வரக் கூடாது. சத்தியம் செய்து பதில் போடு.

உன் அக்கா,
யோலேத்


மாண்ட்ரியல்
நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, வேலையும் அப்படித்தான் தலைமேல் கொட்டுகிறது.

சத்தியமாக நம் வீட்டார் யாருடைய பெயரும் வராது. ஊர்ப் பெயரும் வராது. நீ நிம்மதியாக இரு.

உனக்கு ஒரு சந்தோஷமான விஷயம். சண்டை போட்டு ஒன்றைச் சாதித்துவிட்டேன். வசனம் முழுக்க நம் கிரியோல் மொழியில்! மற்ற மொழிக்காரர்கள் திரையின் கீழே எழுத்தில் படித்துக்கொள்ளட்டும். இங்கேயுள்ள நம்மவர்கள் குரல் கொடுக்கிறார்கள். அதில் அம்மாவாக நடிக்கிற பெண்மணி பேசியதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளையாட்டில் ஒரு கதவு, ஒரு தாய், வெளியிலிருந்து வருகிற ஒருவன். தாய் என்றால் எல்லோருக்கும் உண்டே. சோதித்துப் பார்க்க வந்த பையன்கள், எதைப் பார்த்தாலும் சுடுகிறவர்கள், அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். மேலாளர் என் தோளைத் தட்டினாள்.

அம்மாவின் காலைப் பார்த்துக்கொள். வீக்கம் இருந்தால் சொல், வேறு மாத்திரை அனுப்புகிறேன்.

உன் தம்பி,
ரெனெல்


ஜாக்மெல்
ஜனவரி 3

தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா உனக்காக ஒரு கிண்ணம் பூசணி சூப்பை ஊற்றி மேசையில் வைத்தாள், எப்போதும்போல. பிறகு நானே குடித்தேன். உப்பில்லாத பூசணி சூப்பை நீ குடித்துப் பார்த்திருக்கிறாயா? குடித்துவிடாதே. தெருவிலிருந்து வந்த கிண்ணங்களையெல்லாம் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, கொல்லையில் போய்க் கொட்டினாள். புத்தாண்டன்று நாடு சுதந்திரம் பெற்றதன் நினைவாகக் குடிக்கிற சூப்பு, யார் வீட்டிலிருந்து வந்தாலும் ஒரு வாயாவது குடிப்பார்கள். பார்த்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. நாங்கள் கொடுத்ததையும் அவர்கள் கொட்டியிருப்பார்கள்.

ஆனால் அவன் ராகம் இழுக்கிறான் ரெனெல். பெருக்கும்போது, வாயைத் திறக்காமல். அம்மா அடுப்படியிலிருந்து கூட இழுக்கிறாள். ராத்திரி கதவைச் சாத்தினாலும் இப்போது அவ்வளவு நடுங்குவதில்லை. நேற்றுத் தாழ்வாரத்திலிருந்து பாயை எடுத்து உள்ளே கொண்டுவந்து போட்டுக்கொண்டான்.

உன் போன கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெயர் வராது என்கிறாய். நான் பெயரைப் பற்றியா கேட்டேன்? கால்விரலைப் பற்றியல்லவா கேட்டேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரு வரி போதும், "இல்லை அக்கா" என்று எழுது.

யோலேத் அக்கா


மாண்ட்ரியல்
பிப்ரவரி 11

அக்கா,

அவசரம். இதைப் படித்ததும் வீட்டுக்குப் போ. உனக்கு இரண்டு நாளாகப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. கடை எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை.

நாளை டிரெய்லர் வெளிவருகிறது. எந்தக் காட்சியைப் போடுவது என்று என்னைக் கேட்கவில்லை. அந்தக் காட்சியையே போட்டிருக்கிறார்கள். மேலாளரிடம் நீக்கச் சொன்னேன். "ரெனெல், இந்த விளையாட்டுல இருக்கறதுலயே நல்ல வசனம் இதுதான்" என்றாள். நான் எழுதும்போது இது இருளில் தனியாக உட்கார்ந்து யாரோ விளையாடப்போவது என்றுதான் நினைத்தேன். ஜாக்மெலில் இதை யார் வாங்குவார்கள் என்று நினைத்துவிட்டேன். டிரெய்லரை எந்தப் போனிலும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன் அக்கா. அண்ணன் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை. ஆனால் கதவு நீலம், நம் வீட்டுக் கதவைப்போலவே. அதை நான் யோசிக்கவே இல்லை, கதவு என்றதும் கை தானாக நீலத்தை எடுத்துவிட்டது. அந்த வசனமும் இருக்கிறது. அது இல்லாமல் அந்தக் காட்சி நிற்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு அம்மாவை வெளியே விடாதே. போன் எதையும் அவள் கையில் கொடுக்காதே. தயவுசெய்து.

ரெனெல்


ஜாக்மெல்
மார்ச் 2

ரெனெலுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தை இன்றுதான் பார்த்தேன். தெருக்களில் கலவரம், மின்சாரம் இல்லை, கடையைப் பூட்டியே வைத்திருந்தோம். அதனால் "வீட்டுக்குப் போ" என்று நீ எழுதியது எனக்கு உதவவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். வெளியே போனது அம்மா.

போனுக்குச் சார்ஜ் போட ஃபான்ஃபான் கடைக்குப் போனாள். அவன் கூரையில்தான் சூரியத் தகடு இருக்கிறது, தெருப் போன்களெல்லாம் அங்கேதான் கிடக்கும். பையன்கள் அவளைப் பார்த்ததும், "செலிமேன் அம்மா, இங்க வாங்க! நம்ம பாஷையிலயே பேசுது பாருங்க! உங்க பிள்ளை செஞ்சதாமே!" என்று நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் போனைக் கொடுத்திருக்கிறார்கள். பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டாளாம். நீலக் கதவு வந்ததும், "அட, நம்ம வீடு" என்று சிரித்தாளாம். அந்தக் கதவுக்குள்ளே ஒரு தாய் ஒருவன் காலைக் கழுவுகிறாள். பின்னாலிருந்து ஒரு பெண் பேசுகிறாள்.

"அம்மா, இது அண்ணன் இல்ல. விரலை எண்ணிப் பாரு, பத்து இருக்கு. உனக்கே தெரியும்."

மணி அடித்ததாம்.

ஒரு பொடியன்தான், பாவம், அவனுக்கென்ன தெரியும், "ஏ, தியூஃபோர் அண்ணனுக்கு ஒம்போதுதானே?" என்று கேட்டானாம். இதையெல்லாம் ஃபான்ஃபான் அன்றைக்கு மாலை வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அம்மா போனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் கேட்டாள்.

"அவன்கிட்ட நீ சொன்னியா?"

"ஆமாம்மா."

"நான் உன்கிட்ட ஏதாச்சும் கேட்டேனாடி? நானே கேக்கலையே."

அவரைக்கொட்டைப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து உப்பு முடிச்சை எடுத்து அவிழ்த்துப் போட்டாள். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டில் போட்டாள். அவன் ஒரு வாய் தின்றான். நிறுத்தினான். தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறவள்தான், ஆனாலும் நின்றேன். அவன் மிச்சத்தை வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினான்.

"பாவி நானு. இத்தனை மாசம் ருசியில்லாமப் போட்டுக் கொன்னிருக்கேன்" என்றாள் அம்மா. பிறகு கேட்டாள், "உன் பேரு என்னப்பா?"

அவன் சொல்லவில்லை.

யாரும் கல்லெறியவில்லை. அதற்குத்தான் பயந்து செத்தோம். தெருக்காரர்கள் வந்து, "பாவம், எந்த ஊருப் பிள்ளையோ" என்று பரிதாபப்பட்டார்கள், எஜமான் பயம் போயே போய்விட்டது. அவன் இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அன்றிலிருந்து அவனைத் தியூஃபோர் என்று கூப்பிட வாய் வரவில்லை. தெரு கேட்கும் அல்லவா? வேறு பெயரும் வைக்க மனமில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டைத் தட்டுவாள். அவன் பாயை மறுபடி தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய்விட்டான்.

சந்தை நாளன்று பெருக்கிக்கொண்டிருந்தவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனான். அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினாள், வாயைத் திறந்தாள். கூப்பிட ஒரு பெயர் இல்லை. முதல் நாள் சந்தையில் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் திரும்பினான். அன்றைக்கும் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் சந்தையிலிருந்து வருவதற்குள் நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி, பஸ் நிற்கிற இடம், கடற்கரை, எல்லா இடமும் தேடினேன். இன்றும் போய்ப் பார்த்தேன்.

அம்மா கறுப்பு உடுத்திக்கொண்டிருக்கிறாள். நீ போன் செய்தபோது அவள் பேசவில்லையே என்று நினைத்திருப்பாய். பக்கத்தில்தான் இருந்தாள். "ஒரு பிள்ளையை ரெண்டு தடவை பொதைக்க வெச்சுட்டான், அவன்கிட்ட என்னத்தைப் பேச?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நான் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது. அது என் தப்பு, அதை நான் சுமந்துகொள்கிறேன். உன்னுடையதை நீ பார்த்துக்கொள்.

உன் விளையாட்டின் முதல் பகுதியை இலவசமாக விட்டிருக்கிறார்களாம். நேற்று ஃபான்ஃபானிடம் போனை வாங்கி விளையாடினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பொய் சொல்ல மாட்டேன். அந்த நீலக் கதவுவரை வந்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டே வழி வைத்திருக்கிறாய். உண்மையை அம்மாவிடம் சொல்வது, அல்லது அவனை விரட்டுவது. தெரிந்தும் சொல்லாமல் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினேன். இல்லை. இந்த வீட்டுப் பிள்ளை நீ, உனக்கு அது தோன்றவில்லை.

அதனால் நான் எதையும் அமுக்கவில்லை. அம்மாவும் நானும் அத்தனை மாதம் எப்படி இருந்தோமோ அப்படிப் பேசாமல் இருந்தேன். அந்த வெள்ளைக் கோடு தேய்ந்து தீர்ந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது. மணி அடித்தது.

அம்மாவுக்கு மாத்திரை இனி அனுப்ப வேண்டாம். கடையிலிருந்து நான் கொண்டுவருவதையே சாப்பிடுகிறாள்.

யோலேத்